திருநீற்றுக் கெண்டையைக் கடைசியாகப் பார்த்தவள்

போன மாதம் அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த மீன் ஆய்வுக் கந்தோரில் இப்போது இருப்பவர்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. கதிரையில் உட்காரும் முன்பே, வந்தவர்களில் ஒருத்தியான சர்மிளா தன் கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"மிஸ், இந்தக் கையெழுத்து உங்கட தானே?"

பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்திருந்தாள். என் கையெழுத்துத்தான்.

நாட்டில் இல்லாமல் போன நன்னீர் மீன்களுக்கு ஒரு பட்டியல் தயாராகிறதாம். இப்போது ஓடையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் சோதித்தால், அதில் எந்த மீன் வாழ்கிறது என்று சொல்லிவிடலாமாம். திருநீற்றுக் கெண்டைக்காக அவர்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஓடை ஒன்றையும் விடாமல் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். ஒரு தடயமும் இல்லை. படிவத்தில் இரண்டு இடம் நிரப்பாமல் கிடந்தது. கடைசியாகக் கண்டவர் யார்? அழிந்ததற்குக் காரணம் என்ன?

"காரணத்துக்கு ரெண்டு வரிதான் இடமிருக்கு மிஸ்" என்றாள் சர்மிளா.

நான் இரண்டு மணித்தியாலம் சொன்னேன். அவர்கள் போன பிறகு, முழுவதையும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் கந்தோரின் முன்பக்கம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும். வருகிறவர்களெல்லாம் அறக்குளா, சூரை, பாரை என்று கடல் மீனைப் பற்றிக் கேட்கவே வருவார்கள். நன்னீர் மீன் பிரிவு என்பது பின்பக்கத்து இரண்டு அறைகள், ஒரு கிணறு, மூன்று சீமெந்துத் தொட்டிகள். "இவ்வளவு பெரிய கடலை வைச்சுக்கொண்டு வாய்க்கால் மீனை எண்ணுறீங்களே" என்று முன்பக்கத்தார் பகிடி பண்ணுவார்கள். நான் அங்கே ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி தந்தார்கள். அதில் நினைவில் நிற்பது போமலின் மணமும் தலையிடியும்தான். வேலையைக் கற்றது ஜெமீல் சேரின் மேசையில்.

ஜெமீல் சேர் எங்கள் பிரிவின் பொறுப்பதிகாரி. மூதூர்க்காரர். விடிய லோஞ்சில் கடலைக் கடந்து வந்து, பின்னேர லோஞ்சில் திரும்பிப் போவார். மெலிந்த, உயரமான மனிதர். சேட்டுப் பையில் சீவிய பென்சில் இரண்டு எப்போதும் இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மெல்லத் துடைத்தால் சின்னக் கோபம். துடைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் எழும்பி வெளியே போய்விடுவோம்.

ஒரு மீனை எடுத்து வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதிலிருந்து அவர் ஒரு நாளும் பிசகியதில்லை. முதலில் நிறம். மீன் செத்துக் கால்மணி நேரத்தில் நிறம் போய்விடும். ஆகவே வேறெதையும் தொடும் முன் வர்ணப் பென்சில்களை எடுத்து வரைய வேண்டும். பிறகு ஊசி முனையால் பக்கவாட்டுக் கோட்டிலுள்ள செதில்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நான் ஒரு தரம், அவர் ஒரு தரம். இரண்டும் ஒத்துவராவிட்டால் இருவரும் மறுபடி. வெட்ட வேண்டியிருந்தால் வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கம் பின்னால் வருகிறவர்களுக்கு முழுசாக இருக்க வேண்டும். கடைசியாகச் சீட்டு. அதைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடவேண்டும். மை கரைந்துவிடும், வெளியே ஒட்டினால் கழன்றுவிடும்.

பதிவேட்டில் எதை எழுதினாலும் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "கண்டதா, கேட்டதா?" ஒரு குளத்தைப் பற்றி 'விரால் நிறைய உண்டு' என்று நான் எழுதியிருந்தேன். கேட்டதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப அவங்க சொன்னாங்க எண்டு எழுதுங்க புவனா. உங்கட கண்ணை அவங்களுக்கு இரவல் குடுக்காதீங்க."

நான் சேரும்போதே அந்தப் பதிவேட்டில் 'கேட்டது' என்ற பகுதியில் இரண்டு மீன்கள் இருந்தன. ஒன்று, மூதூரில் மாடு வளர்க்கும் ஒருவர் சொன்ன 'முக்கோடன்'. மற்றது, ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடிதத்தில் எழுதியிருந்த 'திருநீற்றுக் கெண்டை'. இரண்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாம் வருடம் நாங்கள் தேடிப் போனோம்.

அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. வாகனத்தைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி, அதிலேயே ஆற்றைக் கடந்து, மூதூர் தாண்டி, ஈச்சிலம்பற்றுக்கு மேற்கே காட்டோரமாகப் போனோம். ஊற்றோடை என்று ஊரார் சொல்லும் ஒரு சின்ன நீரோட்டம் அங்கே இருந்தது. நிலத்துக்கு அடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர். கோடையிலும் கால் வைத்தால் குளிரும். இரு கரையிலும் மருத மரங்கள் கவிந்து நிற்க, அடியில் பொடிக்கல்லும் வெண்மணலும் தெரியும். கரையில் கச்சானும் கத்தரியும் பயிர் செய்திருந்த கனகம்மா அக்காவிடம் ஜெமீல் சேர் கேட்டார்.

"அக்கா, உடம்பில மூணு கோடு போட்ட மீன் ஒண்டு இங்க இருக்கா?"

"திருநீற்றுக் கெண்டையா? என்ட காலடியில நிக்குது, பாருங்க" என்றா அவ.

தண்ணீரில் நின்று பானை கழுவிக்கொண்டிருந்தா. அவவின் கால்களைச் சுற்றி ஒரு விரல் நீள மீன்கள் இருபது முப்பது, ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து அசையாமல் நின்றன. தேன் நிற உடம்பு. பக்கவாட்டில் நெற்றிக் குறிபோல மூன்று வெள்ளைக் கோடுகள். வால் நுனியில் மட்டும் ஒரு சிவப்பு. மரத்துக்குள்ளால் வெயில் விழுந்தபோது அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் தனியே மினுங்கின. ஜெமீல் சேர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். மீன்கள் ஓடவில்லை. அவருடைய பெருவிரலை வந்து கொத்தின. முதல் முறையாக அவர் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன்.

"புவனா, எழுதுங்க. கண்டது."

இரண்டு பெயரும் ஒரே மீனுக்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று கேட்டேன். முக்கோடன் என்பது அவருடைய சொந்த ஊரில் சொன்ன பெயர். "ஓடை இவவுட. இவ சொல்ற பேரை முதல்ல எழுதுங்க" என்றார்.

பிறகு ஆறேழு வருடம் மாரிக்கு ஒரு தரம், கோடைக்கு ஒரு தரம் போனோம். அந்த மீன் வேறெந்த ஓடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்து, தனி இனம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வைத்த நீண்ட பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. முட்டையிடும் இடத்தைக் கண்டுபிடித்தது ஜெமீல் சேர்தான். மூன்று நாள், மத்தியான வெயிலில், தண்ணீருக்குள் குந்தியிருந்து பார்த்தார். மருத மரத்தின் மெல்லிய சிவப்பு வேர்கள் கரையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும். பெண் மீன் அந்த வேர்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போகும். வேறு எதிலும் ஒட்டாது. நகத்தளவு வயிறு கொண்ட ஒரு உயிருக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் வியந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சண்டை நடந்த பிரச்சினைக் காலம். அந்தப் பக்கம் போகும் வழி மூடிக் கிடந்தது. கனகம்மா அக்காவின் ஊர் முழுவதும் எழும்பிப் போய், முகாம்களில் இருந்தது. பல வருடம் எங்களால் அங்கே கால் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் பதிவேட்டில் ஜெமீல் சேர் ஒரே வரியை எழுதுவார்: 'போக ஏலவில்லை. ஒன்றும் தெரியாது.'

சனம் திரும்பிக் குடியேறி இரண்டாம் வருடம் போனோம். வாகனத்திலிருந்து இறங்கியதும் வழி மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். மருத மரங்களைக் காணவில்லை. ஓடையை இயந்திரத்தால் வெட்டி, வயலுக்குத் தண்ணீர் நேராகப் போகும்படி வாய்க்காலாக்கியிருந்தார்கள். தண்ணீர் சுட்டது. அதில், மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் திலாப்பியா நிறைய நின்றது. யாரோ சாப்பாட்டுக்கு உதவும் என்று நல்ல மனத்தோடு விட்டிருக்க வேண்டும். மேலே, ஊற்றுக்குக் கிட்ட, வெட்டுப்படாமல் ஒரேயொரு மருத மரம் நின்றது. அதன் கீழே ஒரு குழியில் எங்கள் மீன் இருந்தது. நான் எண்ணினேன், அவர் எண்ணினார். பதினொன்று. அந்தக் கோடையிலேயே குழி வற்றிவிடும் போல இருந்தது.

ஜெமீல் சேர் கரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எஞ்சியதைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு அவர் சொல்லித் தந்த விதி. அதை மீறுவதா, விட்டு வைத்து வற்றக் கொடுப்பதா?

"எட்டை எடுப்பம்" என்றார் கடைசியில். "மூண்டு நிக்கட்டும். மழை வந்தால் அதுகளுக்கு ஒரு வழி இருக்கும். எங்கட தொட்டி சரிவந்தா எட்டுக்கு ஒரு வழி இருக்கும்."

கனகம்மா அக்கா வந்து நின்றா. தலை நரைத்திருந்தது. வலையை நான் விரிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"கொண்டு போனா, திரும்பக் கொண்டாந்து விடுவீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஓம் என்று சொல்லியிருப்பார்கள். ஜெமீல் சேர் யோசித்துத்தான் சொன்னார்: "விடுவம் எண்டு சொல்ல ஏலாது அக்கா. விடப் பாக்கிறம்."

அவ தலையாட்டினா. குழியிலிருந்தே இரண்டு பிளாஸ்டிக் கானில் தண்ணீர் எடுத்து, நனைத்த சாக்குச் சுற்றி, எட்டையும் கொண்டுவந்தோம். அரைமணிக்கு ஒரு தரம் வாகனத்தை நிறுத்தி, கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் காற்றுக் கலந்தேன். கந்தோரில் கான்களைத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டு தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் மீனைத் திறந்துவிட்டோம்.

அடுத்த மாரி முடிந்து போனபோது அந்த மருத மரம் விழுந்து கிடந்தது. குழியில் திலாப்பியாதான் இருந்தது. மூன்றையும் காணவில்லை.

தொட்டியில் முதல் வருடம் எட்டில் இரண்டு செத்தன. மீதி ஆறும் நன்றாகத் தின்றன, ஆனால் முட்டையிடவில்லை. மருத வேரைக் கொண்டுவந்து தொங்கவிட்டோம், அழுகியது. நைலோன் நூல் போட்டோம், திரும்பியும் பார்க்கவில்லை. தேங்காய்த் தும்பைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான். ஜெமீல் சேர் அதை ஏழு தரம் அவித்தார். சாயம் முழுவதும் போய் வெறும் தண்ணீர் தெளியும்வரை அவித்து, கழுவி, வேர் மாதிரிப் பிரித்துக் கட்டித் தொங்கவிட்டார். பத்தாம் நாள் பார்த்தால் தும்பில் சவ்வரிசி மாதிரி முட்டைகள்! முன்பக்கத்திலிருந்து பகிடி பண்ணுகிறவர்களெல்லாம் வரிசையாக வந்து பார்த்தார்கள். முப்பத்தேழு குஞ்சுகள் தேறின. கண்ணிமை மயிர் அளவிலிருந்தபோதே அவற்றுக்கு மூன்று கோடும் விழுந்துவிட்டது.

மூன்று தொட்டியில் ஒன்றுதான் வேப்ப மரத்து நிழலில் இருந்தது. எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருந்தோம். மழை தொடங்கியதும் இரண்டாகப் பிரிப்பது என்பது ஜெமீல் சேரின் திட்டம்.

அந்த வருடம் கோடை நீண்டது. ஜெமீல் சேருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை. பத்து நாள் லீவில் கொழும்புக்குப் போனார். போய் மூன்றாம் நாள் கிணறு சேறாகிவிட்டது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முறிக்கும் மருந்து தீர்ந்து, கேட்டு எழுதியிருந்தோம். ஆகவே குழாய்த் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து, இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினேன். ஐந்தாம் நாள் காலை தொட்டியின் அடி மூடி கசிந்து தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. மூடியை அடைத்தேன். ஆறிய தண்ணீர் முழுவதையும் ஊற்றியும் போதவில்லை. மீன்கள் அடியில் நெருங்கி, மூச்சு முட்டி வாயை மேலே தூக்கத் தொடங்கின. அன்று காலை பிடித்த பீப்பாய் இரண்டு இருந்தது. பின்னேரம் வரை பார்த்தேன். பிறகு அதை ஊற்றினேன்.

விடிய வந்து பார்த்தபோது நாற்பத்திரண்டும் மிதந்தன.

ஒன்று மட்டும் மிஞ்சியது. செட்டை கிழிந்த ஒரு பெண் மீனை முதல் நாளே மேசையில் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி வைத்திருந்தேன். அது அங்கே ஓட்டமில்லாத தண்ணீரில், ஓட்டம் இருப்பதுபோல ஒரு பக்கமாக முகம் வைத்து நின்றது.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். கட்டு அவிழ்க்கும் முன்பே ஜெமீல் சேர் பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் உட்கார்ந்து பதிவேட்டை எடுத்தார்.

"எத்தினை மணித்தியாலம் வெச்ச தண்ணி?"

"ஒன்பது மணித்தியாலம் சேர். போதாமல் ஊத்திப்போட்டன்."

"ஒன்பது எண்டு எழுதுங்க. போதாமல் எண்டு எழுதாதீங்க. அது தீர்ப்பு. அதைப் படிக்கிறவங்க சொல்லுவாங்க."

எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றைக் கண்ணைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய், பெரிய எழுத்தில் எழுதினார்: 'எல்லா மீனையும் ஒரே தொட்டியில் வைத்தது நான். மழைக்குக் காத்திராமல் பிரித்திருக்கலாம்.' கீழே கையெழுத்து. வேலையில் அவருக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. மேலிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "எழுதினதைத்தான்" என்றார்.

பெண் மீன் இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாம் நாள் காலை நான் கந்தோருக்கு வந்தபோது பக்கவாட்டில் சரிந்து, செவுள் மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. ஜெமீல் சேர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். அவருக்குப் பார்வை இன்னும் தெளியவில்லை.

"நிறம் முதல்ல" என்றார். "எனக்குச் சொல்லிச் சொல்லி வரையுங்க."

"முதுகு தேன் நிறம் சேர். கழுத்துக்குக் கிட்ட கொஞ்சம் பச்சை ஓடுது. முதல் கோடு மங்கீற்றுது. ரெண்டாம் கோடு இன்னும் வெள்ளை. வால் நுனி சிவப்பு… இப்ப போகுது."

"போகட்டும். போறதையும் எழுதுங்க."

செதில்களை நான் இரண்டு தரம் எண்ணினேன், அவருக்காகவும் சேர்த்து. வலப்பக்கத்தையும் வெட்டவில்லை.

கனகம்மா அக்காவுக்குக் கடிதம் போடலாமா என்று கேட்டேன். "போய்ச் சொல்லணும்" என்றார். அடுத்த கிழமை போனோம். பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார். அவவின் வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன்.

முடிந்ததும் என்னைப் பார்த்து, "கடைசியா நிண்டது சாப்பிட்டிச்சா?" என்று கேட்டா.

"ஓம் அக்கா. சாகிறதுக்கு முதல் நாள் வரைக்கும் புழு திண்டது."

அவ வாய்க்கால் பக்கம் ஒரு தரம் பார்த்தா. பிறகு பதிவேட்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னா. நான் எழுதியதையும் சேர் எழுதியதையும் வாசித்தேன்.

"அப்ப இதில ஒரு ஆள் குறையுது" என்றா. "ஓடையை வெட்டித் தாங்க எண்டு கேட்டு நாங்கதான் கடிதம் குடுத்தனாங்க. அதில நானும் கையெழுத்து வெச்சனான். முகாமால வந்து வெறுங்கையோட நிக்கிறம், வயலுக்குத் தண்ணி வேணும். மரத்தைத் தறிக்கேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான். மீனை நினைக்கல்ல. நீங்க ரெண்டு பேரும் மட்டும் கொண்டது எண்டு எழுதினா, அது பொய்."

ஜெமீல் சேர் கண்ணாடியைத் தொடவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்: "எழுதலாமா அக்கா?"

"எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க."

அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்றார் சேர். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அவ பேனையை வாங்கி, பதிவேட்டை மடியில் வைத்து, முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினா. பேனையை மூடி என்னிடம் தந்துவிட்டு எழுந்தா.

"தூரத்தால வந்த ஆக்கள். கத்தரிக்காய்க் கறி இருக்கு. கையைக் கழுவிற்று வாங்க."

நாங்கள் கை கழுவ எழுந்தோம்.